ஏஞ்சல் ட்ரம்பெட்டை உருளியில் மிதக்க விடலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இரவில் மணக்கும் செடிகளைப் பற்றி எழுதியதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கத்தரிக் குடும்பத்தைப் பற்றியவை. ஏஞ்சல் ட்ரம்பெட் (நீளக் குழல் மாதிரிப் பூ தலைகீழாகத் தொங்குமே, அது), நைட் குயின், எஸ்டர்டே டுடே டுமாரோ, ஊமத்தை எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஒரே கேள்வியைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன். செடியின் பெயரைக்கூட எழுதாமல் "எங்க வீட்டுச் செடி வாடுது, என்ன செய்ய?" என்று கேட்டவர்களுக்குப் பதில் இல்லை.

ஏற்காட்டில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. அங்கே வாங்கி வந்த ஏஞ்சல் ட்ரம்பெட் எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக இலை மட்டும்தான் விடுகிறது. மாதம் தவறாமல் நுனி வெட்டி அடர்த்தியாக வளர்க்கிறேன். ஏன் பூக்கவில்லை? (சேலம் அஸ்தம்பட்டி வாசகி)

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்களே அம்மா! ட்ரம்பெட் முதலில் ஒற்றைத் தண்டாக மேலே போகும். இடுப்பு உயரமோ ஆள் உயரமோ வந்ததும் இரண்டாகக் கவைக்கும். மொட்டு வருவது அந்தக் கவைக்கு மேலேதான். நீங்கள் மாதாமாதம் கவைக்குக் கீழே வெட்டினால் அது ஒவ்வொரு முறையும் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துகொண்டே இருக்கும். வெட்டுவதை நிறுத்துங்கள்.

இன்னொன்று, சேலத்துச் சூடு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டர்கூட இல்லை. இந்தச் செடிக்கு இரவுக் குளிர்ச்சி வேண்டும். சித்திரை வெயிலில் பூவை எதிர்பார்க்காதீர்கள். ஐப்பசியிலிருந்து மாசி வரை நம் ஊரிலும் பூக்கும். காலை வெயில் மட்டும் படுகிற இடம், பெரிய தொட்டி, நிறையத் தொழுவுரம், கோடையில் இரண்டு வேளை தண்ணீர். தீனி அதிகம் கேட்கிற செடி இது. பத்து அங்குலத் தொட்டியில் வைத்துவிட்டுப் பூ கேட்பது நியாயமில்லை.

வெள்ளைப் பூ என்று சொல்லி விற்றார்கள். பூத்த மறுநாள் பிங்க் ஆகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? (ஓமலூர்)

இல்லை. சில ரகங்கள் வெளுப்பாக விரிந்து ஒன்றிரண்டு நாளில் நிறம் ஏறும். உங்களுக்கு ஒரே விலையில் இரண்டு பூ.

மணமே இல்லையே? (சங்ககிரி)

மத்தியானம் முகர்ந்தால் இருக்காது. இரவில் வரும் அந்துப்பூச்சிகளைக் கூப்பிடத்தான் அந்த மணம். பொழுது சாய்ந்து ஏழு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். சிவப்பு ட்ரம்பெட்டாக இருந்தால் அப்போதும் வராது. அதன் சொந்த ஊரில் அதைத் தேடி வருவது ஓசனிச்சிட்டு. பறவைக்கு நிறம் போதும்.

அம்மாவுக்குத் திடீரென்று ஒரு கண்ணின் பாவை மட்டும் பெரிதாகிவிட்டது, எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்றார். பதறிப் போய் ஸ்கேன் எடுத்தோம், தலையில் ஒன்றுமில்லை என்கிறார்கள். அதற்கு முதல் நாள் ட்ரம்பெட் செடியைக் கவாத்து செய்தார். சம்பந்தம் இருக்குமா? (கன்னங்குறிச்சி)

பெரும்பாலும் அதுதான். வெட்டிய தண்டின் சாறு விரலில் பட்டிருக்கும், அந்த விரலால் வலது கண்ணையோ இடது கண்ணையோ கசக்கியிருப்பார். கண் டாக்டர் பாவையை விரிக்க ஊற்றுகிற சொட்டு மருந்தில் இருக்கும் அட்ரோபின் வகைச் சரக்குதான் இந்தச் சாற்றிலும் இருக்கிறது. ஸ்கோபாலமைன், ஹயோசயமைன், அட்ரோபின் மூன்றும் உண்டு. சில நாளில், சிலருக்கு ஒரு வாரத்தில், தானாகச் சுருங்கிவிடும். அதுவரை வெயிலில் கறுப்புக் கண்ணாடி போடச் சொல்லுங்கள், வண்டி ஓட்ட வேண்டாம்.

ஸ்கேன் எடுத்தது தவறில்லை. ஒரு பாவை மட்டும் விரிந்து, கூடவே கடும் தலைவலி, இமை தொங்கல், பேச்சுக் குழறல் இருந்தால் செடியின்மேல் பழி போட்டுவிட்டு வீட்டில் உட்காரக் கூடாது. ஆனால் டாக்டரிடம் போனதும் "நேற்று இந்தச் செடியை வெட்டினேன்" என்ற ஒரு வரியைச் சொல்லியிருந்தால் அவர் அந்த வழியிலும் யோசித்திருப்பார். கையுறை போடுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள், அதுவரை கண்ணைத் தொடாதீர்கள். எத்தனை முறைதான் எழுதுவது!

அரளியும் இதே குடும்பமா? (வாழப்பாடி)

இல்லை. அரளி வேறு குடும்பம், அதன் விஷம் இதயத்தைப் பிடிக்கும். ட்ரம்பெட், ஊமத்தை விஷம் மூளையையும் நரம்பையும் பிடிக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் இரண்டையும் வேலிக்கு அந்தப் பக்கம் வையுங்கள்.

எனக்கு ஏற்காடு பஸ்ஸில் ஏறினாலே வாந்தி. பிரயாண வாந்திக்குக் கொடுக்கிற ஸ்கோபாலமைன் இந்தப் பூவிலிருந்துதான் வருகிறதாமே. ஒரு இதழைக் கசக்கி முகர்ந்துகொண்டு போகலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

பெயரைப் போடாததற்கு நீங்கள்தான் எனக்கு நன்றி சொல்ல வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டுகிற அந்த மருந்துப் பட்டை மூன்று நாளில் மொத்தமே ஒரு மில்லிகிராம் அளவுதான் உடம்புக்குள் விடுகிறது. செடியில் அந்த அளவை யாரும் அளந்து வைக்கவில்லை. செடிக்குச் செடி, இலைக்கு இலை, பருவத்துக்குப் பருவம் மாறும். நேற்று ஒன்றும் செய்யாத இலை இன்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பாருங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். மருந்து வேண்டுமென்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

ஏற்காட்டில் சிறிய விடுதி நடத்துகிறோம். தோட்டத்தில் ட்ரம்பெட் ஏராளம். வரவேற்பறையில் பெரிய பித்தளை உருளி வாங்கி வைத்திருக்கிறோம். அதில் இந்தப் பூக்களை மிதக்க விட்டால் எடுப்பாக இருக்கும் என்று டிசைனர் சொல்கிறார். பூ சீக்கிரம் வாடாமல் இருக்கத் தண்ணீரில் என்ன கலக்கலாம்?

எதுவும் கலக்க வேண்டாம். உருளியில் அந்தப் பூவே வேண்டாம்.

உருளியின் உயரம் எவ்வளவு? முட்டிக்கால் உயரம் இருக்குமா? மூன்று வயதுப் பிள்ளை உள்ளே நுழைந்ததும் முதலில் ஓடி வந்து கைவிடுகிற இடம் அதுதான். கைவிடும், தண்ணீரை அளையும், விரலை வாயில் வைக்கும். இந்தச் செடியின் விஷம் தண்ணீரில் இறங்குகிற விஷம். பூவைக் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரியில் விழுந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 1994-ல் ஃபுளோரிடாவில் மட்டும் இதைத் தின்றும் குடித்தும் நூறு பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், பெரும்பாலும் விளையாட்டுத்தனமாகச் செய்த இளவட்டங்கள். காலையிலிருந்து பத்துப் பதினைந்து பூ ஊறுகிற பாத்திரத்தை நீங்கள் வாசலில் வைக்கப் போகிறீர்கள். பறித்த இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்தப் பூ துவண்டு ஈரத்துணி போல் ஆகிவிடும் என்பது வேறு. அழகுக்கும் உதவாது.

நீங்கள் கேட்டாவது எழுதினீர்கள். கேட்காமலே செய்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏற்காட்டிலேயே ஒரு விடுதியில் (பெயர் எதற்கு) மதியப் பந்தி மேசையில் தயிர்சாதப் பாத்திரத்தைச் சுற்றி ஏழெட்டு ட்ரம்பெட் பூவை வட்டமாக அடுக்கியிருந்தார்கள். ஒரு பூவின் வாய் சாதத்துக்குள்ளேயே சாய்ந்து கிடந்தது, மகரந்தம் விளிம்பில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நம்ம தோட்டத்துப் பூதான் சார், மருந்தே அடிக்கறதில்ல, சுத்த ஆர்கானிக்" என்றார். பூச்சிமருந்து அடிக்காத விஷம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். பூவை எடுத்தார்கள், அந்தச் சாதத்தை எடுக்கவில்லை. நான் நின்று எடுக்க வைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

மணக்கிற பூ நல்ல பூ என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு நினைப்பு. மல்லிகை, முல்லை, சம்பங்கி எல்லாம் தலையிலும் சாமிக்கும் வைக்கிறவை; அந்தப் பழக்கத்தில் மூக்குச் சொன்னதை நம்பிவிடுகிறோம். நர்சரிக்காரர்களும் அதற்கு ஒத்து ஊதுகிறார்கள். அடிவாரத்திலும் மேலேயும் நான் ஏறி இறங்கிய நர்சரிகளில் ட்ரம்பெட் தொட்டியில் "விஷம்" என்று எழுதிய அட்டையை ஒன்றில்கூடப் பார்த்ததில்லை. கேட்டால், "எழுதினா யார் சார் வாங்குவாங்க?" அரளியை ஊரே விஷம் என்று தெரிந்துதான் வளர்க்கிறது, நெடுஞ்சாலை நடுவிலும் வளர்க்கிறார்கள். தெரிந்து வளர்ப்பதில் தப்பில்லை, தெரியாமல் வளர்ப்பதில்தான் ஆபத்து.

உங்கள் தோட்டத்துச் செடிகளை வெட்டச் சொல்லவில்லை. மூடுபனியில் அந்த மரம் நிற்கிற அழகு எனக்கும் பிடிக்கும். ஊஞ்சல், சறுக்கு மரம், சாப்பாட்டு மேசை இவற்றின் பக்கத்தில் மட்டும் வேண்டாம். கீழே விழுகிற பூவைத் தினமும் காலையில் கூட்டி அள்ளச் சொல்லுங்கள். தோட்டக்காரருக்கு இரண்டு ஜோடி கையுறை வாங்கிக் கொடுங்கள். அவர் அதே கையோடு பன் எடுத்து டீயில் நனைக்கிறார், கவனித்திருக்கிறீர்களா? ஒரு பலகையில் தமிழிலும் இங்கிலீஷிலும், உங்களுக்குப் பெங்களூர்க் கூட்டம் அதிகம் என்றால் கன்னடத்திலும், "விஷச் செடி, தொட வேண்டாம்" என்று எழுதி வையுங்கள். விருந்தாளி பயந்து ஓட மாட்டார், நின்று படித்துவிட்டுப் போட்டோ எடுப்பார். உருளிக்குச் சாமந்தியும் ரோஜாவும் செம்பருத்தியும் போதும். சேலம் பூ மார்க்கெட்டில் கிடைக்காததா?

யாராவது தெரியாமல் தின்றுவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் ஊழியர்களுக்குச் சொல்லி வையுங்கள். முதலில் வாய் வறளும், பார்வை மங்கும், உடம்பு சிவந்து சுடும், நெஞ்சு படபடக்கும், சிறுநீர் இறங்காது. அப்புறம் பிதற்றல், இல்லாத ஆளோடு பேச்சு, காற்றில் எதையோ பிடிக்கிற மாதிரி கை அசைவு. வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மோர், புளித்தண்ணீர் எதுவும் ஊற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டு ஆளோடு அனுப்புங்கள். மலையிலிருந்து இறங்கவே முக்கால் மணி ஆகும், பேயோட்டுகிறவரைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

நைட் குயின் வாசனைக்குப் பாம்பு வரும் என்று மாமியார் செடியைப் பிடுங்கச் சொல்கிறார். எனக்கோ அந்த மணத்தில் தலைவலி வருகிறது. (அம்மாபேட்டை)

பாம்பு பூ முகர வருவதில்லை. எலி, தவளை, ஓணான் பிடிக்க வரும். நைட் குயினைக் கவாத்து செய்யாமல் விட்டால் அடியில் புதராகிவிடும், அதற்குள் எலி தங்கும். தரையிலிருந்து இரண்டடிக்குக் கிளைகளைக் கழித்துவிட்டால் மாமியார் கவலை தீர்ந்தது. தலைவலி உண்மை. சிலருக்கு இந்த மணம் தலைவலி, குமட்டல் தரும், இளைப்பு உள்ளவர்களுக்குச் சிரமம் கூடும். படுக்கையறை ஜன்னலிலிருந்து முப்பதடி தள்ளி வையுங்கள். வெள்ளை வெள்ளையாகக் காய்க்கிற சின்னப் பழம் விஷம், குழந்தைகள் கையில் எட்டக் கூடாது.

இத்துடன் படம் அனுப்பியுள்ளேன். இது ஊமத்தையா, ட்ரம்பெட்டா? (இடம் எழுதவில்லை)

படத்தில் உங்கள் கட்டைவிரல் தெளிவாக இருக்கிறது. பூ கீழ்நோக்கித் தொங்கி, தண்டு கட்டையாக இருந்தால் ட்ரம்பெட். பூ மேல்நோக்கி நின்று, காயில் முள் இருந்தால் ஊமத்தை. இரண்டிலும் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

எங்கள் நாய்க்குட்டி நேற்று எஸ்டர்டே டுடே டுமாரோ செடியின் காய்களைக் கடித்துத் தின்றது. இன்று கால்கள் விறைத்து நடுங்குகிறது. என்ன கைவைத்தியம் செய்யலாம்? (ஃபேர்லேண்ட்ஸ்)

இதற்கெல்லாம் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார்களா? இதைப் படித்த அன்றே இவருக்குப் போன் செய்துவிட்டேன். குட்டி பிழைத்துக்கொண்டது, ஆனால் அது கால்நடை மருத்துவரின் புண்ணியம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊதா, வெளிர் ஊதா, வெள்ளை என்று மூன்று நாளில் நிறம் மாறுகிற இந்தச் செடியின் விஷம் ட்ரம்பெட் விஷம் மாதிரி இல்லை. நாய்களுக்கு எட்டிக்கொட்டை விஷம் போல வலிப்பை இழுத்துவிடும். கைவைத்தியம் கிடையாது. நாய் வளர்க்கிற வீட்டில் இந்தச் செடியே வேண்டாம்; வைத்துத்தான் தீருவேன் என்றால் காய் பிடிக்கும்போதே கிள்ளிப் போடுங்கள்.

வேலிக்குத் தின் கா ராஜா வைத்து நன்றாக அடைந்துவிட்டது. கழித்த தழையை மாட்டுக்குப் போடுகிறோம், ஆவலாகத் தின்கிறது. கொஞ்ச நாளாக மாடு கால் தாங்கி நடக்கிறது, இளைத்தும் போகிறது. (ஆத்தூர்)

தழை போடுவதை இன்றே நிறுத்துங்கள். பகலில் மணக்கிற இந்தச் செடி நைட் குயினின் ஒன்றுவிட்ட உறவு. இதன் இலையில் வைட்டமின் டி-யின் வீரியமான வடிவம் ஒன்று இருக்கிறது. மாடோ குதிரையோ தொடர்ந்து தின்றால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, ரத்தக்குழாய், இதயம், சிறுநீரகம், தசைநார் என்று கண்ட இடத்தில் படியும். கால் விறைப்பும் இளைப்பும் அதன் அடையாளங்கள். வேறு நோயிலும் இவை வரும் என்பதால் மருத்துவரை வரவழைத்து, என்ன தழை போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

தக்காளியில் நூற்புழுவும் வாடலும் தாங்க முடியவில்லை. சுண்டைக்காய் வேரில் ஒட்டுக் கட்டுகிறார்கள். எங்கள் வரப்பில் ஊமத்தை காடாக வளர்கிறது. அந்த வேரில் தக்காளியை ஒட்டினால் என்ன? (வாழப்பாடி விவசாயி)

ஒட்டு பிடிக்கும். அதுதான் ஆபத்து. ஊமத்தை தன் நஞ்சில் பெரும்பகுதியை வேரில் தயாரித்துச் சாற்றோடு மேலே அனுப்புகிறது. மேலே நிற்பது ஊமத்தையா தக்காளியா என்று வேர் பார்ப்பதில்லை. 1960-களில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஒரு குடும்பம் இப்படி ஒட்டிய செடியின் தக்காளியைத் தின்று பிதற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது. பார்வைக்கு நல்ல சிவப்புத் தக்காளிதான். சுண்டைக்காய் வேர் சாப்பிடுகிற செடியின் வேர், அதனால் பயமில்லை. கத்தரிக்கும் தக்காளிக்கும் அதையே பயன்படுத்துங்கள். வரப்பு ஊமத்தையைக் காய் முற்றுவதற்குள் பிடுங்குங்கள். விதை தானியத்தில் கலந்துவிட்டால் பிரிப்பது பெரும்பாடு.

பிள்ளையார் சதுர்த்திக்கு ஊமத்தை இலையும் பூவும் வைக்கிறோமே? (செவ்வாய்ப்பேட்டை)

தாராளமாக வையுங்கள். கொழுக்கட்டைத் தட்டில் வைக்காதீர்கள். அர்ச்சனை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டுப் பிரசாதம் கொடுங்கள். சிவன் தாங்குவார், பேரன் தாங்க மாட்டான்.

கவாத்து செய்த ட்ரம்பெட் கிளைகளைக் குப்பையோடு எரிக்கலாமா? (நாகலூர்)

கூடாது. புகையிலும் சரக்கு உண்டு. ஆஸ்துமாவுக்கு ஊமத்தை இலையைச் சுருட்டி சிகரெட்டாகவே விற்ற காலம் ஒன்று இருந்தது. குழி தோண்டிப் புதையுங்கள். காய்கறிப் பாத்திக்குப் போகிற உரக்குழியில் போடாதீர்கள். ஆடு மேய்கிற இடத்தில் குவிக்காதீர்கள்.

ட்ரம்பெட் சேர்வராயன் மலையின் சொந்தச் செடி என்று எங்கள் கைடு சொன்னார். உண்மையா? (சென்னையிலிருந்து சுற்றுலா வந்தவர்)

சேர்வராயன் கோயில் இந்த மலையின் சொந்தம், ட்ரம்பெட் இல்லை. அது தென் அமெரிக்கச் செடி. ஆண்டீஸ் மலைப் பக்கமும் பிரேசிலின் தென்கிழக்கிலும் இருந்தது. காப்பி மாதிரி இதுவும் வெளியூரிலிருந்து வந்து மலைக் குளிரில் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், சொந்த ஊரில் அதற்குக் காடே இல்லை. மொத்தம் ஏழு இனம், ஏழும் இயற்கையில் அழிந்துவிட்டதாகச் சர்வதேசச் செம்பட்டியல் சொல்கிறது. இன்று இருப்பதெல்லாம் தோட்டத்திலும் வேலியிலும் மனிதன் நட்டு வைத்தவையும் அவற்றின் வாரிசுகளும்தான். அதன் காயைத் தின்று விதை பரப்பிய ஏதோ பெரிய விலங்கு அழிந்துபோனதால் இப்படி ஆகியிருக்கலாம் என்று ஒரு ஊகம் உண்டு.

இலையை மொட்டையடிக்கிற, விரல் தடிமன் புழுவுக்கு என்ன மருந்து? வாலில் கொம்பு மாதிரி இருக்கிறது. (செம்மடுவு)

மருந்து வேண்டாம். முதுகில் மண்டையோடு அடையாளம் கொண்ட பெரிய அந்துப்பூச்சியின் புழுவாக இருக்கும். எள்ளிலும் கத்தரியிலும்கூட வரும். ஒன்றிரண்டுதான் இருக்கும், கையால் எடுத்துத் தள்ளி விடுங்கள். இலை பதினைந்து நாளில் திரும்ப வரும்.

ட்ரம்பெட்டில் விதையே பிடிப்பதில்லை. கிளை வைத்து வளர்ப்பது எப்படி? (ஏற்காடு, கொண்டப்பநாயக்கன்பட்டி, மேட்டூர் வாசகர்கள்)

தன் மகரந்தம் தன்னிலேயே பிடிக்காத செடி, அதனால்தான் ஒற்றைச் செடியில் விதை இல்லை. கட்டைவிரல் தடிமனில் ஒரு முழப் போத்து எடுத்து, கீழே இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி செம்மண்ணும் மணலும் கலந்து நடுங்கள், நிழலில் வையுங்கள். கவைக்கு மேலிருந்து எடுத்த போத்து குட்டையாக நின்று சீக்கிரம் பூக்கும். கீழ்த்தண்டில் எடுத்தது மரமாக உயர்ந்து நிதானமாகப் பூக்கும். அவசரக்காரர்கள் தண்ணீர் பாட்டிலில் நிறுத்தினாலும் இரண்டு மூன்று வாரத்தில் வேர் விடும். அந்தப் பாட்டிலை மட்டும் சமையலறை ஜன்னலில், குடிதண்ணீர் பாட்டில்களுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.